கொம்பன் இந்த வருஷம் கரையேறுமா?

திருவனந்தபுரம் ரசிகன் ஒருவன் போடும் சூப்பர் லீக் கேரளா சீசன் கணக்கு

2024 செப்டம்பர் 7. கொச்சி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். சூப்பர் லீக் கேரளாவின் முதல் மேட்ச். அந்த லீகின் முதல் கோலை அடித்தவர் பெட்ரோ மான்சி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2018-19 ஐ-லீகில் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு சென்னை சிட்டி எஃப்.சி. கோப்பையைத் தூக்கியபோது 21 கோல் போட்டவர். கொச்சியில் அன்று அவர் ஆடியது மலப்புறம் எஃப்.சி.க்கு. மலப்புறத்தின் கோச் ஜான் கிரிகரி. 2018 மார்ச்சில் பெங்களூருக்கே போய் பெங்களூரு அணியை 3-2 என்று கவிழ்த்து, சென்னையின் எஃப்.சி.க்கு ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கிக்கொடுத்த மனிதர். பின்வரிசையில் இந்திய அணிக்காக ஆடிய அனஸ் எடத்தொடிகா. கொச்சியை அதன் வீட்டிலேயே 2-0 என்று அடித்துவிட்டு மலப்புறம் ஊர் திரும்பியது.

அன்றிரவு ‘கப்பு மலப்புறத்துக்குத்தான்’ என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுவும் நம்மூர் ஆட்களுக்கு, சென்னையில் ஜெயித்த கோச்சும் கோவையில் ஜெயித்த ஸ்ட்ரைக்கரும் ஒரே அணியில் இருந்தால் வேறு என்ன தோன்றும்? நவம்பரில் செமி ஃபைனல் பட்டியல் வந்தது. காலிகட், கொச்சி, கண்ணூர், திருவனந்தபுரம். மலப்புறம் அதில் இல்லை.

சீசன் தொடங்கும் முன் கணிப்பு எழுத உட்காரும் ஒவ்வொரு ரசிகனும் இந்த மலப்புறம் கதையை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது சீசனுக்கு நானும் கணக்குப் போட்டுவிட்டேன். அதே ஆறு அணி, அதே ஆட்டமுறை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: திருவனந்தபுரம் கொம்பன்ஸ். பாளையத்தில் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில், ஓட்டப் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் ஓடும் பந்தைக் கழுத்தை நீட்டிப் பார்க்கிற கூட்டத்தில் ஒருவன்.

அமெரிக்கக்காரன் கணக்கு

கணிப்பை ஒரு தொழிலாகவே செய்கிறவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஊர் ஃபுட்பால், அதாவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் என்.எஃப்.எல்., செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி சூப்பர் பௌலில் முடியும். 32 அணி, ஒவ்வொன்றுக்கும் 17 ஆட்டம், மொத்தம் 272. இதில் 14 அணி அடுத்த சுற்றுக்குப் போகும். ஆகஸ்ட் வந்துவிட்டால் அங்கே ஒவ்வொரு ரசிகனும் முப்பத்திரண்டு அணிக்கும் வெற்றி தோல்விக் கணக்கு எழுதி வைத்துவிடுவான். டெக்னோபார்க்கில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் இந்தப் பைத்தியத்தில் விழுந்து, ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு மேல் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அவருடைய முதல் மேட்ச் அப்போதுதான் தொடங்கும்.

அந்த லீகில் ஒரு தந்திரம் உண்டு. யாரும் நிரந்தர ராஜாவாக இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டே நடத்துகிறார்கள். கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும்போது, போன வருஷம் கடைசியில் நின்றவனுக்கு முதல் கை. 1936-லிருந்து இந்த ஏற்பாடு. 1994-லிருந்து சம்பளத்துக்கும் உச்சவரம்பு. பணக்கார முதலாளி நினைத்தாலும் நட்சத்திரங்களை மொத்தமாக அள்ள முடியாது. விளைவு என்னவென்றால், 1990-லிருந்து எந்த வருஷத்தை எடுத்தாலும், அடுத்த சுற்றுக்குப் போன அணிகளில் குறைந்தது நான்கு, முந்தைய வருஷம் போகாதவை. ஆகஸ்டில் ‘போன வருஷப் பட்டியலே இந்த வருஷமும்’ என்று எழுதுகிறவன் தோற்பது நிச்சயம்.

அங்கேயும் மலப்புறம் கதைகள் இருக்கின்றன, தலைகீழாக. 1998-ல் 16 ஆட்டத்தில் நாலே நாலு ஜெயித்த செயின்ட் லூயி ராம்ஸ், 1999 சீசனுக்கு ட்ரென்ட் கிரீன் என்ற குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரை, நம்பி இறங்கப் போனது. பயிற்சி ஆட்டத்திலேயே அவர் முழங்கால் போயிற்று. வேறு வழியில்லாமல் கர்ட் வார்னர் என்ற மாற்று ஆளை இறக்கினார்கள். சில வருஷம் முன்னால் மளிகைக் கடையில் ராத்திரி ஷிஃப்டில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் ராம்ஸ் 13 ஆட்டம் ஜெயித்து, 2000 ஜனவரியில் சூப்பர் பௌலையும் தூக்கியது.

அதே கர்ட் வார்னர் பிற்பாடு இந்தியா பக்கமும் கை நீட்டினார். 2011-ல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று, அமெரிக்க ஃபுட்பாலை இங்கே கொண்டுவர ஒரு லீக் அறிவிக்கப்பட்டது. மைக் டிட்கா, மைக்கேல் இர்வின் போன்ற பழைய ஜாம்பவான்களோடு வார்னரும் அதன் ஆதரவாளர்களில் ஒருவர். சென்னைக்கும் ஒரு அணி உண்டு என்றார்கள். 2012-ல் ஒரு சீசன் நடந்தது, புணே அணி ஜெயித்தது. இன்றைக்கு அதைப் பற்றிக் கேட்டால் ‘அப்படி ஒண்ணு நடந்துச்சா?’ என்பார்கள். பணமும் பெயரும் இருந்தன. ‘எங்க அணி’ என்று சண்டை போட நாலு பேர் இல்லை.

எங்கள் லீகில் சண்டைக்குப் பஞ்சம் கிடையாது. கணக்கும் சின்னது. ஆறு அணி. ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று பத்து ஆட்டம். லீகில் 30, இரண்டு செமி, ஒரு ஃபைனல், ஆக மொத்தம் 33. ஆறில் நான்கு செமிக்குப் போகும். ஒரு அணியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட ‘செமிக்கு வரும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு பலிக்க வாய்ப்பு. அதனால்தான் இங்கே எல்லாரும் தங்களை ஜோசியர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு பேரையும் சரியாகச் சொல்லச் சொன்னால் கதை மாறிவிடும். ஆறிலிருந்து நான்கைப் பொறுக்க 15 வழி. ஆறு பேரின் வரிசையையும் சொல்ல வேண்டுமென்றால் 720 வழி. அதைச் சரியாகச் சொன்னேன் என்று யாராவது வந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு என் செலவில் தேங்காய் உடைக்கிறேன்.

போலீஸ் டீம் காலம்

ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் கணிப்பு சொல்வது சுலபம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இங்கே ஃபுட்பால் என்றால் இலாகா அணிகள்தான். கொச்சுவேளி டைட்டானியம் தொழிற்சாலைக்கு ஒரு அணி. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூருக்கு ஒன்று. மின்வாரியத்துக்கு ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலே கேரள போலீஸ். பந்து ஆடினால் வேலை; வேலை இருந்தால் ஆட்டம். வீரன் எங்கேயும் ஓடிவிட மாட்டான், பென்ஷன் இருக்கிறதே. போன வருஷம் ஆடிய பதினொரு பேரில் ஒன்பது பேர் இந்த வருஷமும் ஆடுவார்கள். யார் இடது காலால் அடிப்பான், யாருக்குக் கடைசிப் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் சாலைக் கடைத்தெருவில் சாக்கு தூக்குகிறவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் போலீஸ் அணி இந்தியாவையே ஒரு உலுக்கு உலுக்கியது. ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோல் வாசலில் கே.டி. சாக்கோ. 1990-ல் திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பை. 1991-ல் கண்ணூரில் மறுபடியும் அதே கோப்பை. கல்கத்தாவும் கோவாவும் கோலோச்சிய காலத்தில், காக்கிச்சட்டைக்காரர்கள் அடுத்தடுத்து இரண்டு வருஷம் நாட்டின் பெரிய கோப்பைகளில் ஒன்றைத் தூக்கினார்கள். பிறகு என்ன ஆயிற்று? ஆட்கள் கலைந்தார்கள். விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சத்யன் பின்னால் நம் சென்னை இந்தியன் பாங்க்குக்கு வந்தார். கோப்பையும் அதோடு நின்றது.

கொம்பன்ஸின் சொந்த மைதானம் போலீஸாருடையது. ஸ்டேடியத்தின் பெயரே கேரளத்தின் முதல் போலீஸ் ஐ.ஜி. சந்திரசேகரன் நாயர் பெயர். அங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் ‘பழைய டீம்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அது வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பெருமூச்சில் ஒரு தகவல் இருக்கிறது. ஒன்றாகத் தங்கியவர்கள் ஒன்றாக ஜெயித்தார்கள்.

தங்கினவர் ஜெயித்தார்

இப்போது இதைச் சூப்பர் லீகில் பொருத்திப் பாருங்கள். முதல் சீசனில் ஆறு அணிக்கும் ஆறு வெளிநாட்டு கோச். மலப்புறத்துக்குக் கிரிகரி. காலிகட்டுக்கு ஆஸ்திரேலியர் இயன் கில்லன். திருச்சூருக்கு இத்தாலிக்காரர். கொச்சிக்குப் போர்ச்சுகல்காரர் மாரியோ லெமோஸ். எங்கள் கொம்பன்ஸுக்கு பிரேசில்காரர் செர்ஜியோ அலெக்சாண்ட்ரே. கேப்டன் பாட்ரிக் மோட்டா உட்பட அணியின் முதுகெலும்பே பிரேசில். கண்ணூருக்கு ஸ்பெயின்காரர் மானுவல் சான்செஸ்.

இரண்டாவது சீசன் தொடங்கும்போது இந்த ஆறு பேரில் எத்தனை பேர் அதே நாற்காலியில் இருந்தார்கள்? ஒரே ஒருவர். கண்ணூரின் சான்செஸ். காலிகட் கோப்பை ஜெயித்த பிறகும் கோச்சை மாற்றி, அர்ஜென்டினாவிலிருந்து எவர் டெமால்டேயைக் கொண்டுவந்தது. திருச்சூர் ரஷ்யாவின் செர்னிஷோவை அழைத்தது. கொம்பன்ஸ் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மகலூனை. மலப்புறமும் கொச்சியும் ஸ்பெயின் பக்கம் போயின.

2025 டிசம்பரில் கோப்பையைத் தூக்கியது கண்ணூர்.

ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு விதி எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். லீக் சுற்றில் முதலிடத்தில் வந்தது புது கோச்சை வைத்திருந்த காலிகட்தான். கண்ணூர் நாலாவதாகத்தான் உள்ளே நுழைந்தது. செமியில் அதே காலிகட்டை 1-0. ஃபைனலில் சொந்த ஊர் ஜவஹர் ஸ்டேடியத்தில் திருச்சூரை 1-0, அதுவும் ஒரு பெனால்டியில். அதிர்ஷ்டம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரு கோல் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆட்டத்தைப் பாதுகாப்பது அதிர்ஷ்டத்தால் மட்டும் நடக்கிற காரியமில்லை. பக்கத்தில் நிற்பவன் எப்போது முன்னால் ஓடுவான், எப்போது நிற்பான் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இரண்டு மாச லீகில் வராது. போன சீசனிலிருந்து சுமந்துகொண்டு வரவேண்டும்.

அதனால் என் கணிப்பில் நட்சத்திரப் பெயர்களுக்கு மதிப்பெண் குறைவு. மலப்புறத்தின் 2024 பட்டியலைவிடப் பெரிய பெயர்களை யார் கொண்டுவந்துவிட முடியும்? யார் வருகிறார்கள் என்று செய்தி வரும்போது ஊரே கைதட்டும். யார் தங்குகிறார்கள் என்பது செய்தியின் கடைசி வரியில் இருக்கும். நான் அந்தக் கடைசி வரியைத்தான் தேடுகிறேன்.

கொம்பனின் ரெண்டு வருஷம்

முதல் சீசன் கொம்பன்ஸ் நாலாவது. லீகின் கடைசிக் கட்டம் வரைக்கும் இழுத்தடித்து, டிராக்களில் தொங்கிக்கொண்டே செமிக்கு வந்தார்கள். கோழிக்கோட்டில் காலிகட்டோடு செமி. முதல் கோல் எங்களுடையது. அந்த அரை மணி நேரம் திருவனந்தபுரத்தில் எத்தனை பேர் ஃபைனலுக்கு டிக்கெட் புக் பண்ண யோசித்திருப்பார்களோ! முடிவு 1-2. காலிகட் ஃபைனலில் கொச்சியையும் அதே 2-1-ல் முடித்து முதல் கோப்பையை வாங்கிக்கொண்டது.

இரண்டாவது சீசனில் ஐந்தாவது. செமிக்கு வெளியே, வாசல்படியில்.

நாலாவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யோசித்தால் தலை சுற்றும். 30 லீக் ஆட்டத்தில் மூன்றில் ஒன்று டிரா என்று வையுங்கள். பத்து டிராவுக்குத் தலா இரண்டு புள்ளி, இருபது முடிவுகளுக்குத் தலா மூன்று, ஆக மொத்தம் 80. ஆறு அணிக்குப் பங்கிட்டால் சராசரி பதின்மூன்று சொச்சம். செமிக்குப் போக சராசரிக்காரனாக இருந்தாலே போதும். மூன்று வெற்றி, நான்கு டிரா, மூன்று தோல்வி. பாதிக்கு மேல் ஜெயிக்க வேண்டிய கட்டாயமே இல்லாத லீக் இது! ஒரு டிராவைக் கடைசி நிமிஷத்தில் தோல்வியாக்கினால் ஒரு புள்ளி போகும். அந்த ஒரு புள்ளிதான் நாலுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம். கண்ணூர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போய்க் கோப்பையோடு வெளியே வந்தது.

கொம்பன்ஸுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மற்ற ஐந்து அணியும் கொச்சியிலும் அதற்கு வடக்கிலுமாகக் கொத்தாக இருக்கின்றன. கொச்சி, திருச்சூர், மலப்புறம், கோழிக்கோடு எல்லாம் ஒன்றுக்கொன்று பஸ் தூரம். நாங்கள் மட்டும் தெற்கு மூலையில். மிக அருகில் இருக்கிற வெளியூர் மைதானமே கொச்சி, ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். கண்ணூர் என்றால் ஐந்நூறு. பத்தில் ஐந்து ஆட்டத்துக்கு இந்தப் பயணம். போகும்போது யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து மூன்றாம் நாள் ஆடும்போது கால் சொல்லும்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சீசன் செப்டம்பரிலிருந்து நவம்பர், இரண்டாவது அக்டோபரிலிருந்து டிசம்பர். துலாவர்ஷம் கொட்டுகிற மாதங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இடி, நாலு மணிக்குப் பேய்மழை, ராத்திரி ஏழரைக்கு ஆட்டம். ஈரப் புல்லில் குறுக்கே குறுக்கே பாஸ் கொடுத்து ஆடுகிற அணி திணறும். நீளப் பந்து போட்டு முட்டி மோதுகிற அணி தப்பிக்கும். என் கணிப்பில் ஒரு வரி இது: அக்டோபர், நவம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆட்டங்களில் குறைந்தது இரண்டு டிராவில் முடியும்.

கடற்கரைப் பையன்கள்

திருவனந்தபுரத்தை கிரிக்கெட் ஊர் என்று மலபார்க்காரர்கள் கேலி செய்வார்கள். கழக்கூட்டம் பக்கம் காரியவட்டத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரும் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம் இருக்கிறது என்பது அவர்கள் ஆதாரம். வேடிக்கை என்னவென்றால் அந்த ஸ்டேடியத்தில் ஃபுட்பாலும் நடந்திருக்கிறது. 2016 ஜனவரி 3 அன்று ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா தெற்காசியக் கோப்பையைத் தூக்கியது அங்கேதான். எக்ஸ்ட்ரா டைமில் வெற்றி கோலை அடித்தவர் சுனில் சேத்ரி. கிரிக்கெட்டிலோ 2023 ஜனவரியில் இந்தியா 390 அடித்து, இலங்கையை 73-க்குச் சுருட்டி, 317 ரன்னில் ஜெயித்தபோது காலரிகள் காலியாகக் கிடந்தன. எது கிரிக்கெட் ஊர்?

இந்த ஊரின் மிகப் பெரிய கிரிக்கெட் நட்சத்திரம் சஞ்சு சாம்சனின் வீட்டிலேயே ஃபுட்பால்தான் மூத்தது. அப்பா சாம்சன் விஸ்வநாத் டெல்லி போலீஸ் அணியின் ஃபுட்பால் வீரர். விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அந்த சஞ்சு 2024-ல் சூப்பர் லீகில் ஒரு அணியின் பங்குதாரரானார். எந்த அணி? மலப்புறம்! கொம்பன்ஸ் ரசிகர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை. நானும்தான்.

நகரத்திலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் ஃபுட்பால் எங்கே இருக்கிறது என்று தெரியும். விழிஞ்ஞம், பூவார், கடைசியில் பொழியூர். மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராஃபிக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று பொழியூருக்குத் தனி மரியாதை. பொழியூரைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் கேரளம் முடிந்துவிடும். அந்தப் பக்கம் நம் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர். ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் கரையில் இருக்கும் நாட்களில் மணலில் பந்து உருளும். ஐ.எஸ்.எல். வரைக்கும் போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டியில் பேர் வாங்கி, ஜாம்ஷெட்பூர் போய், 2020-ல் சென்னையினைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய ஏடிகேயில் இருந்தார்.

என் கட்சிக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டுமென்றால் இதுதான். மூவாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து ஆள் தேடுகிற சுறுசுறுப்பில் பாதியை இந்த நாற்பது கிலோமீட்டர் கடற்கரையில் காட்டலாம். பிரேசில் வீரர் மூன்று மாச ஒப்பந்தம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். பூவார் பையன் அடுத்த வருஷமும் பூவாரில்தான் இருப்பான்.

ஆறு பேர் கதி

கணிப்பு எழுதும்போது ரசிகர்கள் செய்கிற ஒரு திருட்டுத்தனம் உண்டு. ஒவ்வொரு அணியையும் தனித்தனியாகப் பார்த்து ‘எண்பது சதவீதம் வரும்’, ‘எழுபத்தைந்து நிச்சயம்’ என்று அள்ளி வீசுவார்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்றைம்பது வரும். செமியில் இருப்பது நாலே இடம், எனவே ஆறு அணிக்கும் சேர்த்து நானூறுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒருவனுக்குக் கூட்டினால் இன்னொருவனிடமிருந்து பிடுங்க வேண்டும். நேர்மையாகக் கணிப்பு சொல்வதில் இருக்கிற வலியே இதுதான்.

காலிகட் எஃப்.சி.க்கு 80. இரண்டு சீசனும் லீக் சுற்றில் முதலிடம். கோச் மாறியும் முதலிடம் மாறவில்லை என்றால் அந்தக் கிளப்பின் அலுவலகத்தில் யாரோ விவரமானவர் இருக்கிறார் என்று அர்த்தம். என் ‘தங்கினவர் ஜெயித்தார்’ கொள்கைக்கு அவர்கள்தான் பெரிய இடைஞ்சல். இருக்கட்டும்.

கண்ணூருக்கு 72. சாம்பியன்தான், ஆனால் நாலாவதாக வந்த சாம்பியன். அடுத்தடுத்து இரண்டு வருஷம் அதே குறுகிய வாசலில் நுழைவது கஷ்டம். முதல் சீசனில் சொந்த ஊரில் ஆட மைதானம்கூட இல்லாமல் கோழிக்கோட்டைத் தாய்வீடாக வைத்துக்கொண்டு ஆடிய அணி இது என்பதை நினைத்தால் மரியாதை கூடுகிறது. மலப்புறத்துக்கும் 72. மஞ்சேரி பையநாடு ஸ்டேடியத்தில் கூட்டம் போடும் சத்தத்துக்கே பத்து மதிப்பெண் தர வேண்டும். 2022 மே மாதம் பெனால்டி ஷூட் அவுட்டில் வங்காளத்தை வென்று கேரளா சந்தோஷ் டிராஃபியை எடுத்த மைதானம் அது.

திருச்சூருக்கு 66. முதல் சீசனில் அடித்தட்டு, இரண்டாவதில் ஃபைனல். இவர்களை யாராலும் கணிக்க முடியாது என்பதால் சராசரியைக் கொடுத்துவிட்டு நகர்கிறேன்.

கொச்சிக்கு 50. நடிகர் பிருத்விராஜின் அணி. முதல் சீசனில் ஃபைனல் வரை வந்து, இரண்டாவதில் கடைசி. அந்த வருஷம் நேரு ஸ்டேடியத்தை மெஸ்ஸியின் அர்ஜென்டினா வருவதாகச் சொல்லிச் சீரமைப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். கொச்சி அணி மகாராஜாஸ் கல்லூரி மைதானத்துக்கு ஒதுங்கியது. மெஸ்ஸியும் கொச்சிக்கு வரவில்லை, கோப்பையும் வரவில்லை. அமெரிக்க லீகாக இருந்தால் கடைசியில் நின்றதற்காக இவர்களுக்குத்தான் முதல் கை கிடைத்திருக்கும். இங்கே அந்தக் கருணை கிடையாது, சொந்தக் காலில் எழுந்து வரவேண்டும்.

மிச்சம் அறுபது. அது கொம்பன்ஸுக்கு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே கிடைக்கிற அறுபத்தாறைவிடக் குறைவு. கட்சிக்காரன் கையால் இதை எழுதுவது சுகமான வேலை இல்லை. கோச் மறுபடியும் மாறி, அணியில் பாதிக்கு மேல் புது முகம் என்றால் இதையும் ஐம்பதாகக் குறைப்பேன். பழைய ஆட்கள் ஆறேழு பேர் தங்கினால் எழுபதுக்கு ஏற்றுவேன். அந்தப் பத்தைத் திருச்சூரிடமிருந்து எடுத்துக்கொள்வேன்.

கோப்பைக்கு வேறு கணக்கு. காலிகட் 25, கண்ணூர் 20, மலப்புறம் 20, திருச்சூர் 15, கொம்பன்ஸ் 12, கொச்சி 8. ஃபைனல் காலிகட்டும் மலப்புறமும். ஒரு கோல் வித்தியாசத்தில் காலிகட்.

இதில் பணம் கட்டலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்ட பிறகு, மாநிலம் மாநிலமாக ரசிகனின் கணிப்பு சூதாட்டக் கடையின் சரக்காகிவிட்டது. இங்கே 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டு பூட்டுப் போட்டது. நல்லதுதான். பந்தயம் என்றால் ஒரு செட் பரோட்டாவுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் தன் அணிக்கு எதிராகப் பணம் கட்டுகிற துரோகமெல்லாம் தலைதூக்கும்.

பரோட்டா பந்தயத்துக்கு எனக்கு ஆள் இருக்கிறார். சின்னத்துறைக்காரர், தம்பானூரில் ஆட்டோ ஓட்டுகிறார், கொம்பன்ஸ் ஆட்டம் என்றால் அன்றைக்குச் சவாரி கிடையாது. பட்டியலை வாசித்துக் காட்டினேன். முதல் ஐந்து அணிக்கும் ‘சரி, சரி’ என்று தலையாட்டினார். கொம்பன்ஸுக்கு அறுபது என்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“கொறவுதான் அண்ணாச்சி, என்ன செய்ய? கணக்கு அப்படித்தான் வருது” என்றேன்.

“அறுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்லா சாரே. பின்ன ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீரு?”